தன் மரத்துப் பிசினிலேயே ஒட்டிக்கொண்ட இலை

ஆம்பர், அதாவது பல காலம் மண்ணில் புதைந்து கல்போல இறுகிய மரப்பிசின், என்று சொன்னதும் எல்லாருக்கும் உள்ளே சிக்கிய பூச்சிதான் நினைவுக்கு வரும். கொசு, எறும்பு, சிலந்தி, அபூர்வமாக ஒரு குட்டிப் பல்லி. எனக்கு அதிலே ரொம்பப் பிடித்தது இலை. அதுவும் டொமினிக்கன் குடியரசின் ஆம்பரில் அகப்படும் ஒரு குறிப்பிட்ட இலை, ஏனென்றால் அந்த ஆம்பரைச் சுரந்த மரத்தின் இலையே அது. தன் மரத்தின் அடிமரத்தில் வழிந்த பிசினில் விழுந்து, ஒட்டி, அப்படியே மூடப்பட்டு, 1.5 கோடியிலிருந்து 2 கோடி ஆண்டுகள் கழித்து வெளியே வந்திருக்கிறது. அந்த மரம் இன்று உலகில் எங்கேயும் இல்லை.

அவரைக் குடும்பத்து மரம் அது. பெயர் ஹைமனேயா புரோட்டெரா. அப்போது கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்த ஆம்பர் ஆய்வாளர் ஜார்ஜ் பாய்னர் 1991-ல் இந்தப் பெயரை வைத்தார். 'புரோட்டெரா' என்றால் கிரேக்கத்தில் 'முந்தையது' என்று பொருள். ஹைமனேயா என்ற பேரினம், அதாவது நெருங்கிய இனங்களின் தொகுதி, இன்றும் உயிரோடு இருக்கிறது, சுமார் 15 இனங்கள். அதாவது செத்துப்போன ஒருவரை அவருடைய உயிரோடு இருக்கும் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளின் முகத்தை வைத்து அடையாளம் காண்பதுபோல, இந்த மரத்தை அதன் உறவுக்காரர்களை வைத்துத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். எப்படி என்பதைத்தான் சொல்லப் போகிறேன். பழைய இலை ஒன்றுக்குப் பெயர் வைப்பது எவ்வளவு நிதானமான வேலை, அதில் குறுக்குவழி தேடிப் போனபோது என்ன ஆயிற்று என்பதெல்லாம் இந்த ஒரு மரத்தின் கதைக்குள்ளேயே இருக்கிறது.

முதல் கேள்வி, ஒரு புதைபடிவ இலை அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? இந்தக் குடும்பத்தில் ஏறக்குறைய 19,500 இனங்கள். பூக்கும் தாவரங்களில் இதைவிடப் பெரிய குடும்பங்கள் இரண்டே இரண்டுதான், ஆர்க்கிடும் சூரியகாந்திக் குடும்பமும். இலையின் உருவத்திலும் ஒற்றுமை கிடையாது. சிலதில் நூற்றுக்கணக்கான பொடிப்பொடிச் சிற்றிலைகள், சிலதில் மூன்று, சிலதில் இரண்டு, சிலதில் ஒரே இலை. விளிம்பில் பல் வெட்டு இல்லாத, முட்டை வடிவச் சிற்றிலை என்று மட்டும் பார்த்தால் வேப்பங்குடும்பம், பூவந்திக் குடும்பம் என்று எத்தனையோ குடும்பங்களில் அதே மாதிரி கிடைக்கும். 

ஆனால் ஒரு இடத்தைப் பார்க்கத் தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. சிற்றிலையின் காம்பு. அவரைக் குடும்பத்தில் இலைக்காம்பின் அடியிலும், ஒவ்வொரு சிற்றிலையின் குட்டிக் காம்பிலும் கொஞ்சம் தடித்த ஒரு பகுதி இருக்கும், அதைத்தான் தாவரவியல் பாடத்தில் அதைப்பு என்று சொல்லிக் கொடுப்பார்கள். தொட்டாற்சிணுங்கியைத் தொட்டதும் இலை மடங்குகிறதே, அந்த வேலையைச் செய்வது அதைப்புதான். அதன் ஒரு பக்கத்துச் செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேற, பின்னாலேயே தண்ணீரும் வெளியேற, அந்தப் பக்கம் தளர்ந்து இலை சாய்கிறது. இப்படித் திரும்பத் திரும்ப மடங்கி விரிவதற்கு வசதியாக அதைப்பின் தோலில் குறுக்காகச் சுருக்கங்கள் இருக்கும். இந்தச் சுருக்கம் பாறையில் பதிந்த இலையிலும்கூடச் சில சமயம் தெளிவாகத் தெரிகிறது. கோடிக்கணக்கான வருடத்துக்கு முன்னால் ஒரு இலை ராத்திரியில் மடங்கிப் பகலில் விரிந்தது என்பதற்கு அதன் காம்பிலேயே சாட்சி இருக்கிறது என்பது எனக்கு எத்தனை தடவை யோசித்தாலும் அலுக்காத விஷயம்.

இந்த மடங்கும் பழக்கத்தைப் பார்த்துத் தமிழில் ஒரு மரத்துக்குத் தூங்குமூஞ்சி என்று பேர் வைத்தார்கள். தாவரங்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையைத் தந்த லின்னேயஸ் அதே பழக்கத்தை வேறொரு மரத்தில் பார்த்துவிட்டு அதைக் கல்யாணமாக நினைத்துக்கொண்டார். நம் மரத்தின் இலையில் சிற்றிலைகள் இரண்டே இரண்டு, ஒரு சின்னக் காம்பின் நுனியில் ஜோடியாக. இருட்டியதும் அவை இரண்டும் ஒன்றையொன்று நெருங்கும். அதனால் கிரேக்கர்களின் திருமணத் தெய்வமான ஹைமனேயஸின் பெயரை வைத்தார், 1753-ல் அது அச்சில் வந்தது. இனிமேல் ஹைமனேயா என்ற பேரைப் பார்க்கும்போது அந்த இரண்டு சிற்றிலைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள், அடையாளமே அதுதான்.

இரண்டு சிற்றிலை என்றதும் மந்தாரையை நினைப்பவர்கள் இருப்பார்கள். மந்தாரை இலையும் இரண்டாகப் பிளந்ததுபோல, மாட்டுக்குளம்பு மாதிரி இருக்கும். ஆனால் அது அடியில் ஒட்டிய ஒரே இலை, அதில் நரம்புகள் காம்பு சேரும் இடத்திலிருந்து விசிறிபோல விரியும். ஹைமனேயாவில் இரண்டும் தனித்தனிச் சிற்றிலைகள், ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு குட்டிக் காம்பு, சொந்தமாக ஒரு நடு நரம்பு. அந்த நடு நரம்பும் நடுவில் ஓடாது. இரண்டு சிற்றிலைகளும் சந்திக்கும் உள்பக்கம் குறுகலாகவும் வெளிப்பக்கம் அகலமாகவும் இருப்பதால் சிற்றிலையே அரிவாள்போல லேசாக வளைந்திருக்கும். ஒரு சிற்றிலை மட்டும் தனியாகக் கிடைத்தால்கூட அது ஜோடியில் இடதா வலதா என்று சொல்லிவிடலாம். உயிருள்ள இலையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் சின்னச் சின்ன ஒளிப்புள்ளிகள் தெரியும். அவை இலைக்குள் இருக்கும் பிசின் பைகள். இந்தப் பைகளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சரி, இரண்டு கோணல் சிற்றிலை இருந்தால் ஹைமனேயா என்று எழுதிவிடலாமா? முடியாது. இதற்கு ரொம்ப நெருங்கிய உறவான இரண்டு பேரினங்களிலும் இலை இதே அமைப்புதான். ஒன்று பெல்ட்டோகைனி, ஊதா நிற மரக்கட்டைக்குப் பேர்போன அமெரிக்க மரங்கள். இன்னொன்று கிபோர்ட்டியா, பெரும்பாலும் ஆப்பிரிக்காவில் வளர்வது, அதிலிருந்தும் கோப்பால் என்ற, இறுகியும் இன்னும் ஆம்பர் ஆகாத பிசினை எடுக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் அஃபனோகேலிக்ஸ் இருக்கிறது, அதன் சில இனங்களிலும் இரண்டு சிற்றிலைதான். தான்சானியாவில் சிங்கிடா பகுதியில் மஹெங்கே என்ற இடத்தில் ஒரு பழைய எரிமலைக் குழி ஏரியின் படிவத்திலிருந்து 4.6 கோடி ஆண்டு பழைய இலைகள் கிடைத்தன. அவற்றில் இரண்டு சிற்றிலை கொண்ட ஒன்றை பேட்ரிக் ஹெரெண்டீனும் போனி ஜேக்கப்ஸும் 2000-ல் அஃபனோகேலிக்ஸ் சிங்கிடாயென்சிஸ் என்று விவரித்தார்கள். அவர்கள் அந்த முடிவுக்கு வந்தது இரண்டு சிற்றிலை இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் கிடையாது. நரம்புகள் எந்தக் கோணத்தில் கிளைக்கின்றன, அடுத்த நிலை நரம்புகள் எப்படி வலை பின்னுகின்றன, சிற்றிலையின் அடி எந்தப் பக்கம் சரிகிறது என்று ஒவ்வொன்றாக உயிருள்ள இனங்களோடு ஒப்பிட்டுத்தான் வந்தார்கள்.

இந்த ஒப்பிடும் வேலைக்கு ஒரு கருவி உண்டு, அதைப் பற்றி வெளியே பேசுவதே இல்லை. உயிருள்ள மரங்களின் இலைகளை எடுத்து, ரசாயனத்தில் ஊறவைத்துப் பச்சையத்தையும் சதையையும் வெளுக்க வைத்து, நரம்புக்கு மட்டும் சாயம் ஏற்றி, கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வைத்துவிடுவார்கள். இலையின் எலும்புக்கூடு மாதிரி அது. அமெரிக்காவில் ஜாக் உல்ஃப், லியோ ஹிக்கி போன்றவர்கள் இப்படி ஆயிரக்கணக்கான இலைகளைத் தயாரித்து வைத்தார்கள். நரம்பமைப்பை எந்தச் சொற்களால் விவரிப்பது என்று ஹிக்கி 1973-ல் ஒரு முறையை வெளியிட்டார். அதற்கு முன்னால் 19-ஆம் நூற்றாண்டில் நிலைமை வேறு. பாறையில் ஒரு முட்டை வடிவ இலை கிடைத்தால் தெரிந்த மரத்தின் சாயல் எதில் இருக்கிறதோ அந்தப் பெயரை வைத்துவிடுவார்கள். பழைய பட்டியல்களில் காசியா என்றும் லெகுமினோசைட்டஸ் என்றும் குவிந்து கிடக்கும் பெயர்களில் பலவற்றை இன்று யாரும் நம்புவதில்லை. பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது, பக்கத்தில் வைத்துப் பார்க்க அவர்களிடம் உலகத்து இலைகளெல்லாம் இல்லை.

ஆம்பர் இலைக்கு இதில் ஒரு சௌகரியமும் ஒரு சங்கடமும் இருக்கிறது. பாறையில் இலை நசுங்கித் தட்டையாகிவிடும், ஆம்பரில் அப்படியே முப்பரிமாணத்தில் நிற்கும், மேல்தோல், காம்பின் சுருக்கம், விளிம்பின் மடிப்பு எல்லாம் உருப்பெருக்கியில் தெரியும். சங்கடம் என்னவென்றால் ஆம்பர்த் துண்டுகள் பெரும்பாலும் சின்னவை. அதனால் பெரிய சிற்றிலை முழுசாக உள்ளே அடங்குவது அபூர்வம், பாதி, கால், நுனி என்றுதான் கிடைக்கும். ஆனால் பாறையில் லேசில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கிறது, அது பூ. மெல்லிய அல்லி இதழும் மகரந்தத்தாளும் பாறையில் அழிந்துவிடும், பிசினில் அழிவதில்லை. ஹைமனேயா புரோட்டெராவைத் தனி இனமாகப் பிரித்துக் காட்ட முடிந்தது இலையோடு பூவின் உறுப்புகளும் சேர்ந்து கிடைத்ததால்தான். இலை மட்டும் இருந்தால் பேரினம் வரைக்கும் போகலாம், இனம் வரைக்கும் போவது ரொம்பக் கஷ்டம் என்பது என் கருத்து. உயிருள்ள ஹைமனேயாக்களைப் பார்த்தாலே இது புரியும். அமேசான் காட்டில், பிரேசிலின் செராடோ புல்வெளிக் காட்டில், அங்கேயே வறண்ட காட்டிங்கா பகுதியில், கியூபாவில் என்று இடத்துக்கு இடம் வெவ்வேறு இனங்கள், சிற்றிலையின் அளவும் தடிமனும் மாறுகின்றன, ஆனால் அந்தக் கோணல் ஜோடி என்ற அச்சு மட்டும் மாறாது.

இப்போது உறவுக்காரர்களைப் பார்க்கலாம். இந்தப் பேரினத்தில் எல்லோருக்கும் தெரிந்தது ஹைமனேயா கோர்பரில். மெக்சிகோவிலிருந்து கரீபியத் தீவுகள் வழியாகத் தென் அமெரிக்கா வரை பரவிய பெரிய மரம். பிரேசிலில் ஜட்டோபா, மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் குவாப்பினோல், ஸ்பானிஷ் பேசும் கரீபியத் தீவுகளில் அல்கரோபோ. காய் தடித்த கட்டைபோல இருக்கும், தானாக வெடிக்காது. உள்ளே மாவுபோன்ற சதை, தின்னலாம், ஆனால் நாற்றம் அடிக்கும், ஜமைக்காவில் இதற்கு 'நாறும் கால்விரல்' என்றே பெயர். பூ ராத்திரியில் மலரும், வௌவால்கள் வந்து மகரந்தம் சேர்க்கும். காயைக் கடித்து உடைத்து விதையை எடுத்துப் புதைத்து வைக்கும் வேலையை அகூட்டி என்ற கொறி விலங்கு செய்கிறது.

கொஞ்சம் தூரத்து உறவையும் சொல்லிவிடுகிறேன். 2017-ல் உலகம் முழுவதும் உள்ள ஆய்வாளர்கள் ஒன்றுசேர்ந்து அவரைக் குடும்பத்தை 6 துணைக்குடும்பங்களாகத் திருத்திப் பிரித்தார்கள். அதில் ஹைமனேயா இருப்பது டெட்டேரியாய்டீ என்ற துணைக்குடும்பத்தில். சுமார் 760 இனங்கள், ஆப்பிரிக்காவில்தான் மிக அதிகம். புளிய மரமும் அசோக மரமும் இதே துணைக்குடும்பம்தான். ராத்திரியில் புளிய இலை மடங்குவதைப் பார்த்திருப்பீர்கள், அதே அதைப்பு, அதே வேலை. 2017-க்கு முன்னால் வந்த எழுத்துகளில் ஹைமனேயாவைச் சீசல்பினியாய்டீ என்று போட்டிருப்பார்கள், பாய்னரின் 1991 கட்டுரையும் அப்படித்தான், குழம்ப வேண்டாம்.

அப்புறம் பிசின். இந்த மரத்தில் பிசின் இரண்டு வகை, இரண்டு இடம், இரண்டு வேலை. இதை விளக்கியவர்களில் முக்கியமானவர் கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜீன் லாங்கன்ஹைம் (1925–2021). அடிமரத்திலும் வேரிலும் சுரப்பது 20 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளால் ஆன பிசின். காற்றுப் பட்டதும் அந்த மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இறுகத் தொடங்கும், மண்ணில் புதைந்தால் முதலில் கோப்பால், பல லட்சம் ஆண்டுகள் போனால் ஆம்பர். இலைப் பைகளில் இருப்பதோ 15 கார்பன் கொண்ட லேசான மூலக்கூறுகள், அவை இப்படிக் கோத்துக்கொண்டு இறுகுவதில்லை. இலையைத் தின்ன வருகிறவற்றைத் துரத்துவதுதான் அவற்றின் வேலை. இலைவெட்டி எறும்புகளைப் பாருங்கள், அவை இலையை நறுக்கிக்கொண்டு போய்க் கூட்டுக்குள் ஒரு பூஞ்சையை வளர்த்து, அந்தப் பூஞ்சையைத்தான் தின்கின்றன. ஹைமனேயா கோர்பரிலின் இலையில் இருக்கும் கேரியோஃபில்லீன் எபாக்சைடு என்ற பொருள் அந்தப் பூஞ்சையைக் கொல்லக்கூடியது என்று 1983-ல் ஸ்டீபன் ஹப்பெல்லும் அவருடன் இருந்தவர்களும் காட்டினார்கள். எறும்பு அந்த இலையை விலக்கிவிடுகிறது. தன்னை வெட்ட வருகிறவனை விட்டுவிட்டு அவன் வீட்டு அடுப்பை அணைப்பதுபோன்ற தற்காப்பு!

ஆம்பர் எந்த மரத்திலிருந்து வந்தது என்பதை உறுதி செய்ததிலும் லாங்கன்ஹைமுக்குப் பெரிய பங்கு உண்டு. மெக்சிகோவில் சியாபாஸ் மாநிலத்தில் சிமோஹோவெல் என்ற ஊரைச் சுற்றியும் ஆம்பர் கிடைக்கிறது. உயிருள்ள ஹைமனேயா மரங்களின் பிசினையும் சியாபாஸ் ஆம்பரையும் அகச்சிவப்பு நிறமாலையில் ஒப்பிட்டு, அந்த ஆம்பரின் தாய் மரம் ஹைமனேயாதான் என்று 1960-களிலேயே அவர் சொன்னார். டொமினிக்கன் ஆம்பரையும் பிறகு வேறு பலர் வேதியியல் முறையில் சோதித்து அதே பேரினத்துக்கு வந்தார்கள். ஆக வேதியியல் ஒரு பக்கம் ஹைமனேயா என்கிறது, உள்ளே இருக்கும் இலையும் ஹைமனேயா என்கிறது. இரண்டு தனித்தனிச் சாட்சிகள் ஒரே பேரைச் சொல்லும்போதுதான் நம்பிக்கை வருகிறது.

இதுவரை எல்லாம் ஒழுங்காகப் போகிறது, இல்லையா? இங்கேதான் ஒரு திருப்பம். டொமினிக்கன் குடியரசு இருக்கும் ஹிஸ்பானியோலா தீவில் இன்றும் ஹைமனேயா இருக்கிறது, அது கோர்பரில். அப்படியென்றால் அழிந்துபோன புரோட்டெரா அதற்குத்தான் தாத்தாவாக இருக்க வேண்டும் என்று நாம் நினைப்போம். ஆனால் பாய்னரின் கட்டுரைத் தலைப்பே இந்த இனத்துக்கு ஆப்பிரிக்கத் தொடர்பு இருக்கிறது என்று சொல்கிறது. அவர் ஒப்பிட்டுப் பார்த்ததில் புரோட்டெராவுக்கு மிக நெருக்கமாக வந்தது ஹைமனேயா வெருகோசா. இந்தப் பேரினத்தில் அமெரிக்காவுக்கு வெளியே இயற்கையாக வளரும் ஒரே இனம் அது. கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரை, சான்சிபார், மடகாஸ்கர் பக்கம் இருக்கிறது. 'வெருகோசா' என்றால் மருக்கள் நிறைந்தது, அதன் காயின் மேலே பிசின் நிரம்பிய மருக்கள் இருக்கும். 19-ஆம் நூற்றாண்டில் வார்னிஷ் செய்ய உலகம் முழுவதும் வாங்கிய சான்சிபார் கோப்பால் இந்த மரத்தின் பிசின்தான். அதை மரத்திலிருந்து எடுத்ததைவிட மண்ணைத் தோண்டி எடுத்ததே உசத்தி, ஏனென்றால் பல காலம் புதைந்து நன்றாக இறுகியிருக்கும். மெக்சிகோ ஆம்பரிலிருந்து 2002-ல் பாய்னரும் அலெக்ஸ் பிரவுனும் விவரித்த ஹைமனேயா மெக்சிகானாவும் பழைய உலகத்தோடு உறவு காட்டுகிறது.

அப்போது ஒரே பேரினம் அட்லாண்டிக் கடலின் இரண்டு கரையிலும் எப்படி வந்தது? கண்டங்கள் ஒன்றாக இருந்தபோதே மரம் இரண்டு பக்கமும் இருந்தது, பிறகு நிலம் பிரிந்தது என்பது கேட்க அழகான பதில். ஆனால் கணக்கு உதைக்கிறது. ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் முழுசாகப் பிரிந்தது சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்னால். அவரைக் குடும்பத்தின் மிகப் பழைய உறுதியான படிவங்களில் ஒன்று அமெரிக்காவின் கொலராடோவில் கோரல் பிளஃப்ஸ் என்ற இடத்தில் கிடைத்தது, 2019-ல் வெளியானது, வயது சுமார் 6.5 கோடி ஆண்டு. டைனோசர்கள் அழிந்து ஏறக்குறைய 7 லட்சம் ஆண்டுகள் ஆன பிறகு. குடும்பமே இவ்வளவு பிந்தித்தான் படிவங்களில் தலைகாட்டுகிறது என்றால், அந்தக் குடும்பத்துக்குள் ஒரு துணைக்குடும்பம், அதற்குள் ஒரு பேரினம், அது 10 கோடி ஆண்டுக்கு முன்பே இருந்து கண்டங்களோடு சேர்ந்து பிரிந்திருக்கும் என்று சொல்ல இடமே இல்லை.

மிச்சம் இருப்பது இரண்டு வழி. ஒன்று கடல். தடித்த, வெடிக்காத, மிதக்கக்கூடிய காய், உள்ளே பத்திரமாக விதை. லாங்கன்ஹைமும் ஒய். டி. லீயும் 1974-ல் இந்தப் பேரினத்தின் தொடக்கம் ஆப்பிரிக்காவில் இருந்திருக்கலாம், அங்கிருந்து கடல் நீரோட்டத்தில் காய்கள் அமெரிக்கக் கரைக்குப் போயிருக்கலாம் என்று எழுதினார்கள். காய்கள் மிதந்து போயிருக்கக்கூடிய அந்தப் பழைய காலத்தில் அட்லாண்டிக் இன்றைவிடக் குறுகலாகவும் இருந்தது. இன்னொன்று வடக்கு வழி. இயோசின் காலத்தில், அதாவது சுமார் 5.6 கோடியிலிருந்து 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், பூமி நல்ல சூடு, இன்று பனி விழும் இடங்களில்கூட வெப்பமண்டல மரங்கள் நின்றன. டெட்டேரியாய்டீயைச் சேர்ந்த குருடியா என்ற பேரினம் இன்று வெப்பமண்டலத்தில் மட்டும்தான் இருக்கிறது, ஆனால் அதன் காயும் இலையும் தென்கிழக்கு அமெரிக்காவின் இயோசின் படிவத்தில் கிடைத்திருப்பதை ஹெரெண்டீனும் டேவிட் டில்ச்சரும் 1990-ல் விவரித்தார்கள். அப்படிச் சூடான வடக்கு வழியாக மரங்கள் கண்டம் விட்டுக் கண்டம் போயிருக்கவும் முடியும். எனக்குக் கடல் வழிதான் பொருத்தமாகப் படுகிறது, அந்தக் காயைப் பார்த்தால் பயணத்துக்கென்றே கட்டிய பெட்டி மாதிரி இருக்கிறது.

தூரத்து உறவு என்ற இந்த விஷயம் மரத்தோடு நிற்கவில்லை. அதே டொமினிக்கன் ஆம்பரில் மாஸ்டோடெர்மஸ் என்ற கறையான் கிடைத்தது. அந்தப் பேரினத்தில் இன்று உயிரோடு இருப்பது ஒரே இனம், அதன் தாயகம் ஆஸ்திரேலியா. ஒரு இடத்தில் இன்று எது வளர்கிறது, எது ஊர்கிறது என்பதை மட்டும் வைத்து அந்த இடத்தின் பழைய காட்டைக் கற்பனை செய்தால் தவறிவிடுவோம் என்பதற்கு இந்த மரமும் இந்தக் கறையானும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் சாட்சி.

இனி அந்தக் குறுக்குவழிக் கதை. 1990-களின் தொடக்கத்தில் ஒரு பெரிய உற்சாகம் கிளம்பியது. இலையின் நரம்பையும் காம்பையும் எதற்கு எண்ணிக்கொண்டிருக்க வேண்டும், உள்ளே இருக்கும் டிஎன்ஏவையே படித்துவிடலாமே என்று. 1990-ல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் கிளார்க்கியா என்ற இடத்தில் கிடைத்த, இயோசினுக்குப் பிந்திய மயோசின் காலத்து மக்னோலியா இலையிலிருந்து டிஎன்ஏ எடுத்ததாக அறிவிப்பு வந்தது. 1993-ல் ஹென்ட்ரிக் பாய்னர், ரவுல் கானோ, ஜார்ஜ் பாய்னர் மூவரும் நம் ஹைமனேயா புரோட்டெராவின் ஆம்பர் இலையிலிருந்தே பசுங்கணிக மரபணு ஒன்றின் துண்டை எடுத்துவிட்டதாக 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அழிந்துபோன ஒரு தாவரத்தின் டிஎன்ஏ! அந்த நாளில் அதைப் படித்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

ஆனால் அறிவியலில் ஒருவருக்குக் கிடைத்தது இன்னொருவருக்கும் கிடைக்க வேண்டும். 1997-ல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த குழு ஆம்பர்ப் பூச்சிகளில் இதே முயற்சியை மிகுந்த கவனத்தோடு திரும்பச் செய்து பார்த்தது, பழைய டிஎன்ஏ எதுவும் கிடைக்கவில்லை. சிக்கல் அந்த முறையிலேயே இருந்தது. மிகச் சிறிய அளவு டிஎன்ஏவைக் கோடிக்கணக்கான நகல்களாகப் பெருக்கும் பிசிஆர் முறை, ஆய்வுக்கூடத்துக் காற்றிலோ கையுறையிலோ ஒட்டிய இன்றைய டிஎன்ஏவையும் அதே ஆர்வத்தோடு பெருக்கிவிடும். ஆம்பரும் நாம் நினைக்கிற மாதிரி முழுக்கக் காற்றுப் புகாத பெட்டி கிடையாது, வாயுக்கள் மெல்ல ஊடுருவும்.

டிஎன்ஏ எவ்வளவு வேகமாகச் சிதைகிறது என்பதற்கு 2012-ல் ஒரு நல்ல கணக்கு வந்தது. நியூசிலாந்தில் அழிந்துபோன மோவா பறவையின் எலும்புகளை வைத்து, ஒரு குறிப்பிட்ட நீளமுள்ள டிஎன்ஏ துண்டுகளில் பாதி அழிய சுமார் 521 ஆண்டுகள் ஆகும் என்று கண்டார்கள். அது எலும்புக்கு, அதுவும் சராசரி 13 டிகிரி குளிரில், வெப்பமண்டலத்து இலைக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் ஒரு தோராயத்துக்குப் போட்டுப் பாருங்கள். 1.5 கோடி ஆண்டு என்றால் 28,000 தடவைக்கு மேல் பாதி, பாதியில் பாதி, அதிலும் பாதி என்று குறைந்துகொண்டே போக வேண்டும். மிஞ்சுவதற்கு எதுவும் இல்லை. இதுவரை நம்பகமாகப் படிக்கப்பட்ட மிகப் பழைய டிஎன்ஏ வடக்கு கிரீன்லாந்தின் உறைந்த மண்ணிலிருந்து 2022-ல் வெளியானது, அதற்கே வயது சுமார் 20 லட்சம் ஆண்டுதான்.

2013-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகக் குழு கொலம்பியாவின் கோப்பாலில் சிக்கிய கொடுக்கில்லாத் தேனீக்களில் முயன்றது. ஆம்பர்கூடக் கிடையாது, கோப்பால், பழையதுக்கே சுமார் 10,600 ஆண்டுதான், இளையதுக்கு 60 ஆண்டுக்கும் குறைவு. அதிலும் நம்பத்தகுந்த பழைய டிஎன்ஏ கிடைக்கவில்லை. பிறகு 2020-ல் ஒரு குழு இன்னும் பின்னால் வந்து, மடகாஸ்கரில் ஹைமனேயா வெருகோசாவின் புதுப் பிசினில் ஒட்டிய வண்டுகளை எடுத்துக்கொண்டது. அந்தப் பிசின் ஆறு ஆண்டும் இரண்டு ஆண்டும் பழையது. அதில் டிஎன்ஏ கிடைத்தது. எங்கேயிருந்து தொடங்கி எங்கே வந்து நின்றார்கள் பாருங்கள், கோடி ஆண்டிலிருந்து ஆறு ஆண்டுக்கு. இதைத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். பிசினுக்குள் டிஎன்ஏ எவ்வளவு நாள் தாங்கும் என்ற கேள்விக்கு அடியிலிருந்து ஒழுங்காகப் பதில் தேடத் தொடங்கிய வேலை அது. அதற்கும் உதவியது அழிந்த மரத்தின் உறவுக்கார மரமேதான்.

உறவுக்கார மரம் இன்னொரு விதத்திலும் உதவியிருக்கிறது, எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் சிறந்ததாகத் தோன்றுகிறது. ஆம்பரில் கிடைப்பதை வைத்து அந்தக் காட்டில் என்னென்ன இருந்தது என்று பட்டியல் போடுகிறோமே, அது எவ்வளவு தூரம் சரி? இதைச் சோதிக்க மோனிகா சொலோர்சானோ-கிரேமர் தலைமையில் ஒரு குழு மடகாஸ்கரின் ஹைமனேயா வெருகோசா காட்டுக்கே போனது. மரத்தில் வழியும் பிசினில் எந்தெந்தப் பூச்சிகள் சிக்குகின்றன என்று ஒரு பக்கம் சேகரித்தார்கள், அதே காட்டில் மஞ்சள் ஒட்டும் அட்டை போன்ற பொறிகளை வைத்து இன்னொரு பக்கம் சேகரித்தார்கள், இரண்டையும் ஒப்பிட்டார்கள். 2018-ல் வெளியான முடிவு, பிசினில் சிக்கிய கூட்டம் அடிமரத்தில் கட்டிய ஒட்டும் அட்டையில் சிக்கிய கூட்டத்தைத்தான் நெருங்கியது. ஆக, ஆம்பர் காட்டுவது முழுக் காட்டை என்பதைவிட, ஒரு மரத்தின் அடிமரத்திலும் அதைச் சுற்றியும் வாழ்ந்ததை என்று சொல்வதுதான் சரி.

இலைக்கும் இந்தக் கோணத்தில் யோசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பிசின் வழியும் இடத்துக்கு மேலே எந்த மரத்தின் கிளை இருக்கிறதோ அதன் இலைதான் அதிகம் விழும், அது பெரும்பாலும் அந்த மரமேதான். அதனால் ஹைமனேயா இலை ஆம்பரில் கிடைப்பதை வைத்து அந்தக் காடு முழுக்க ஹைமனேயாவாக இருந்தது என்று எழுதிவிடக் கூடாது. தள்ளி நின்ற மரங்கள் தங்கள் இலையைப் பிசினுக்கு அனுப்பவே இல்லாமல் இருந்திருக்கலாம். பக்கத்து மரத்தில் வாழ்ந்த பூச்சி பறந்து வந்து சிக்கும், பக்கத்து மரத்து இலை காற்று அடித்தால்தான் வரும்.

பெயர் வைக்கும் வேலை இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. 2010-ல் மெக்சிகோ ஆய்வாளர்கள் சிமோஹோவெல் ஆம்பரில் கிடைத்த பூக்களை விவரித்து ஹைமனேயா அலெண்டிஸ் என்று இன்னொரு இனத்தைச் சேர்த்தார்கள், ஊரின் முழுப் பேரான சிமோஹோவெல் தே அலெண்டேயை வைத்துத்தான் அந்தப் பெயர். ஒரே பகுதியின் ஆம்பரிலிருந்து இப்போது இரண்டு இனங்கள். அதற்குப் பிறகு சியாபாஸில் கிடைக்கும் ஒவ்வொரு ஹைமனேயா சிற்றிலையையும் எடுத்துக்கொண்டு, இது மெக்சிகானாவின் இலையா, அலெண்டிஸின் இலையா என்று கேட்க வேண்டியிருக்கிறது. பூவோடு ஒட்டிய நிலையில் ஒரு இலை கிடைத்தால் சட்டென்று தீரும். அதுவரை அந்தத் தனிச் சிற்றிலைகளைப் பேரினத்தின் பெயரோடு மட்டும் எழுதி வைப்பதுதான் நேர்மை.